சாமையில் கல், கம்ப்யூட்டரில் நான்

வெள்ளிமலைக்குப் போகும் காலைப் பேருந்தில் ஜன்னலோர இருக்கைக்கு நான் அன்று முண்டியடித்தது காற்றுக்காக இல்லை. சட்டை கசங்கக் கூடாது. இஸ்திரி போட்ட சட்டை, புதுச் செருப்பு, பையில் சீப்பு. பெண் பார்க்கப் போகிறவன்போலக் கள்ளக்குறிச்சியில் ஏறி உட்கார்ந்திருந்தேன். கச்சிராயபாளையத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் கோழிக்கூண்டை மடியில் வைத்துக்கொண்டார். மலை ஏறும் ஒவ்வொரு வளைவிலும் கோழி என் பக்கமும் நான் கோழி பக்கமும் சாய்ந்தோம். இறங்கும்போது இருவரில் யார் கசங்கியிருந்தோம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்று அக்காவின் கொட்டகைக்கு அதிகாரி வருகிற நாள். அக்கா வெள்ளிமலையில் ஒரு மகளிர் குழுவின் சாமைக் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறாள். சம்பள வேலைக்கென்று மலையேறியவள், அங்கேயே வாடகைக்கு வீடு பிடித்து, அங்கத்து ஆளாகவே ஆகிவிட்டாள். சுற்றியுள்ள ஊர்களிலிருந்து சாமை வரும். உமி நீக்கி, கல் பொறுக்கி, மூட்டை கட்டிக் கீழே அனுப்புவார்கள். இதில் கல் பொறுக்குவதுதான் கஷ்டம். சாமையில் கிடக்கும் கல் சாமை அளவுக்கே இருக்கும், கிட்டத்தட்ட அதே நிறத்தில் இருக்கும். சோறாகிப் பல்லில் கடிபடும்வரை தன்னைக் காட்டிக்கொள்ளாது. இந்தக் கல்லால் இரண்டு முறை மூட்டைகள் போன வண்டியிலேயே திரும்பி வந்திருந்தன.

அதைப் பார்த்துத்தான் ஓர் அரசுப் பயிற்சி நிறுவனம் கல் பொறுக்கும் இயந்திரம் ஒன்றை ஆறு மாதச் சோதனைக்குக் கொடுத்திருந்தது. தானியம் ஒரு சரிவில் வழிந்து இறங்கும். மேலேயிருந்து கேமரா பார்க்கும். கல்லைக் கண்டால் பக்கத்துக் குழாய் புஸ்ஸென்று காற்றை ஊதி அதை மட்டும் வெளியே தள்ளிவிடும். கேமராவுக்கும் குழாய்க்கும் நடுவில் உட்கார்ந்து 'இது கல், இது சாமை' என்று தீர்ப்புச் சொல்வது ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் ஓடும் பைத்தான் நிரலைச் சாமைக்குத் தகுந்தபடி திருத்தியவன் நான். திருத்தியவன் என்று இப்போது சொல்கிறேன். சொந்தக்காரர்களிடம் 'எழுதியவன்' என்றுதான் சொல்லிவைத்திருந்தேன்.

ஆறு மாதம் முடிந்துவிட்டது. மதியம் இரண்டு மணிக்கு அந்த நிறுவனத்தின் அதிகாரி வந்து பார்ப்பார். ஓடினால் இயந்திரம் குழுவுக்கே சொந்தம். ஓடவில்லை என்றால் வந்த வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போய், காத்திருக்கும் அடுத்த குழுவுக்குக் கொடுத்துவிடுவார். அக்கா இதைப் போனில் மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் நான் சொன்ன பதில் ஒன்றே: "நீ ஒண்ணும் தொடாத. நானே வந்து ஆன் பண்றேன்."

பத்தரை மணிக்கு ஆன் செய்தேன். கொட்டகைப் பெண்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். திரையில் ஐகானை இரண்டு தட்டுத் தட்டினேன். கறுப்புப் பெட்டி ஒன்று திறந்து, மளமளவென்று இருபது வரி கொட்டி, கடைசி வரியில் 'இம்போர்ட் எரர்' என்று எழுதிவிட்டு நின்றது. மறுபடி தட்டினேன். மறுபடியும் அதே இருபது வரி. சரிவில் சாமை ஒரு மணிகூட நகரவில்லை.

நிரல் என்பது தனியாக எதையும் செய்யாது. வேலையை ஆரம்பிக்கும் முன்பு தனக்கு வேண்டிய துணை நிரல்களை ஒவ்வொன்றாக உள்ளே கூப்பிடும். பேக்கேஜ் என்போம் அவற்றை. எண்களைக் கணக்கிட ஒன்று, படத்தைப் பிரித்துப் பார்க்க ஒன்று, கேமராவோடு பேச ஒன்று. கூப்பிட்டது வரவில்லை, அல்லது வந்தது பழைய ஆள் இல்லை என்றால் நிரல் இப்படித்தான் புலம்பிவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

வந்தது பழைய ஆள் இல்லை. ஏன் இல்லை என்பது இருபது வரியைப் படித்து முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துபோயிற்று.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி கள்ளக்குறிச்சியில் என் வீட்டில் இருந்தது. உமித்தூசி அடைத்து ஃபேன் கத்துகிறது, மாற்றிக்கொடு என்று அக்கா ஜீப்பில் அனுப்பியிருந்தாள். ஃபேனை ஒழுங்காகத்தான் மாற்றினேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். அதே வாரம் என் மச்சான் மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு. மாதா கோயில் வாசலில் ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் ஃப்ளெக்ஸ் என்றால் நடுவில் பிள்ளை, மேலே நற்கருணைப் பாத்திரம், சுற்றிலும் தாய்மாமன் வகையறா, பெரியப்பா வகையறா என்று எல்லாத் தலைகளும் இருந்தாக வேண்டும். ஒரு தலை விடுபட்டால் அந்த வீட்டிலிருந்து யாரும் சாப்பிட உட்கார மாட்டார்கள். மொத்தம் நாற்பத்தொரு தலை. ஒவ்வொன்றையும் பின்னணியிலிருந்து கையால் வெட்டி எடுக்க எனக்குப் பொறுமை இல்லை. என் லேப்டாப்பை மனைவி அலுவலக வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். எதிரில் அக்காவின் பெட்டி சும்மா இருந்தது. பின்னணியைத் தானாக வெட்டும் பேக்கேஜ் ஒன்றை அதில் இறக்கினேன். பெரியப்பாவின் வெள்ளைத் தலைமுடியையும் பின்னணி என்று நினைத்து வெட்டிவிட்டது. மற்றபடி அருமையாக வேலை செய்தது.

அது தனியாக வரவில்லை. தனக்குத் தோதான புதுப் பதிப்புகளைக் கூட்டிக்கொண்டு வந்து, ஏற்கெனவே குடியிருந்த பழைய பதிப்புகளை வெளியேற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டது. கேமரா பேக்கேஜுக்குப் பழைய ஆட்களோடு மட்டும்தான் பேசத் தெரியும். ஒவ்வொரு வேலைக்கும் பேக்கேஜுகளை, ஒன்றோடொன்று மோதாதபடி, கம்ப்யூட்டருக்குள்ளேயே தனி அறையில் வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. கள்ளக்குறிச்சியில் இரண்டு பேருக்கு அதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். ஒருவர் குறிப்புகூட எடுத்தார். பெட்டியை ஓட்டிப் பார்க்காமலே திங்கட்கிழமை ஜீப்பில் ஏற்றி அனுப்பினேன்.

"இன்னாடா ஆச்சு?" என்றாள் அக்கா.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். வேறொன்று வந்தது.

"வோல்டேஜு கம்மியா இருக்குதுக்கா."

"தூசி தள்ளுற ஃபேனு நல்லாத்தானே சுத்திக்கினு இருக்குது?"

"ஃபேனுக்குப் போதும். கம்ப்யூட்டருக்குப் பத்தாது."

மலையில் எந்தக் கோளாறுக்கும் வோல்டேஜ் என்றால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். ஆனால் அந்தக் கொட்டகையில் எல்லோரையும்விட வாய் நீளமான ஓர் அம்மா இருந்தார். முறத்தைக் கீழே வைக்காமலே என்னைப் பார்த்தார்.

"ஏன் சாரு, வோல்டேஜு கம்மின்னா உனுக்கு ஏன் வேர்க்குது?"

"வெயிலும்மா."

"இங்க எங்க வெயிலு? நாங்க போர்த்திக்கினு நிக்கிறோம்."

நான் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டேன். முதலில் அந்தப் பின்னணி வெட்டியை நீக்கினேன். நீக்கினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று மனிதனுக்கு ஓர் ஆசை. அது போனது. அது கூட்டி வந்தவர்கள் போகவில்லை. பழைய பதிப்புகளை மறுபடி இறக்க வேண்டும். கொட்டகையில் இணையம் கிடையாது. போனில் சிக்னல் வேண்டுமென்றால் மலைப்பாதையில் கொஞ்ச தூரம் கீழே இறங்கி, ஒரு வளைவில் நிற்க வேண்டும். அக்காவின் ஸ்கூட்டர் சாவியைக் கேட்டேன்.

"வோல்டேஜ இட்டாரவா போற?"

"ஒரு ஃபைலு வேணும்க்கா. வோல்டேஜு கம்மியா இருந்தாலும் ஓட்டுற ஃபைலு."

அப்படி ஒரு ஃபைல் உலகத்தில் இல்லை. அவள் நம்பிச் சாவியைக் கொடுத்தாள். அதுதான் உறுத்தியது.

வளைவில் ஏற்கெனவே இரண்டு பேர் போனும் கையுமாக நின்றிருந்தார்கள். அதில் ஒருவர், "நான் இப்போ சேலத்துல இருக்கறேன்" என்று யாரிடமோ அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு மாடு கத்தியது. "சேலத்துல மாடு இருக்காதா?" என்றார் போனில், கோபமாக. இவருக்கு நான் எந்த விதத்தில் மேல் என்று நினைத்துக்கொண்டே கணக்குப் பேக்கேஜின் பழைய பதிப்பை இறக்கினேன். நீலக்கோடு ஊர்ந்தது. நின்றது. போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். மறுபடி ஊர்ந்தது.

கொட்டகைக்கு வந்து கேபிளைச் செருகி, கோப்பை மாற்றி, கட்டளை கொடுத்தால் 'இது இந்தப் பைத்தானுக்கு உரியது அல்ல' என்று மூஞ்சியில் அடித்தது. என் வீட்டு லேப்டாப்பில் உள்ள பைத்தானை மனதில் வைத்து இறக்கியிருக்கிறேன். இந்தப் பெட்டியில் இருப்பது அதைவிடப் பழசு. போகும் முன்பு ஒரு தடவை பார்த்து எழுதிக்கொண்டிருக்கலாம். அவசரத்தில் இருப்பவனுக்கு அரை நிமிஷம் மிச்சம் பிடிப்பதில்தான் புத்தி போகும். திரும்பவும் வளைவு. சேலத்துக்காரர் போயிருந்தார். திரும்பவும் கொட்டகை. இந்த முறை கணக்குப் பேக்கேஜ் உட்கார்ந்தது. உடனே படப் பேக்கேஜ் எழுந்து நின்று, 'எனக்கு இந்தப் பழைய ஆள் ஒத்துவராது, புதுசு வேண்டும்' என்றது. அதற்கும் பழைய பதிப்பு வேண்டும். எந்தப் பதிப்பு? முன்பு ஓடியதன் பட்டியலை நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. தலையில் இருக்கிறது என்ற நினைப்பு. தலையைத் தட்டிப் பார்த்தேன், உமித்தூசிதான் இருந்தது.

மூன்றாவது முறை வளைவுக்குப் போனபோது மணி பன்னிரண்டேகால். உத்தேசமாக மூன்று பதிப்புகளை இறக்கினேன். ஒன்று இல்லாவிட்டால் ஒன்று. இஸ்திரிச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. புதுச் செருப்பு கடித்ததால் வெறுங்காலோடு ஸ்கூட்டர் ஓட்டினேன்.

கொட்டகையில் நுழைந்து முதல் பதிப்புக்குக் கட்டளை கொடுத்தேன். பழையதை எடுத்துக்கொண்டிருந்தது. எடுத்து முடித்தது. புதியதைப் பிரித்து வைக்க ஆரம்பித்தது. பாதியில் திரை அணைந்தது. உமித்தூசியை வெளியே தள்ளும் சுவர் ஃபேன் மெதுவாகி நின்றது.

"கரண்ட்டு போச்சா?" என்று கத்தினேன்.

"போவல, எடுத்திருக்காங்க" என்றாள் அக்கா நிம்மதியாக. "நீதான வோல்டேஜு கம்மின்ன. லைன்மேனுக்குச் சொல்லி அனுப்பினேன். பாவம், சாப்பிடாம கூட வந்துட்டாரு. ஃபியூஸ உருவிட்டு லைனு மொத்தத்தையும் பாக்குறாரு. ஒரு மணி நேரம் ஆவும்னாரு."

வாசலுக்கு வந்து பார்த்தேன். டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் ஏணி சாய்ந்திருந்தது. கம்பத்தின் உச்சியில் நடுவயது மனிதர் ஒருவர், என் பொய்யைக் குறட்டால் முறுக்கித் தேடிக்கொண்டிருந்தார். கரண்ட் இல்லாமல் டீக்கடைக்காரரும் ஜெராக்ஸ் கடைக்காரரும் கீழே நின்று அண்ணாந்து யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மணி பன்னிரண்டே முக்கால். ஒரு மணி நேரம் என்றால் ஒன்றே முக்கால். அதற்குப் பிறகு பாதியில் அறுந்த வேலையை எடுத்துக் கட்டி, இரண்டு மணிக்கு ஓட்டிக் காட்ட முடியாது.

கொட்டகையைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். இன்னொரு நடை. மூன்றாவது நடையில் அக்கா எதிரே வந்து நின்றாள்.

"இன்னாடா, கோழி மாதிரி சுத்திக்கினு இருக்கற?"

"அக்கா, வோல்டேஜு இல்ல."

"அதான் பாக்குறாங்களே."

"வோல்டேஜு நல்லாத்தான் இருக்குது. நான்தான். அந்த ஃப்ளெக்ஸு இருக்குதுல்ல..."

சொன்னேன். ஃபேன், ஞாயிற்றுக்கிழமை, நாற்பத்தொரு தலை, பெரியப்பாவின் முடி, எல்லாம். அக்கா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே முறங்களோடு உட்கார்ந்திருந்த பெண்களை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"ஓட வைக்க முடியுமா, முடியாதா?"

"கரண்ட்டு இப்பவே வந்தா... முடியும்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறத வுடு. போயி நீயே சொல்லி அவர கீழ எறக்கு."

வெறுங்காலோடு போய்க் கம்பத்தடியில் நின்றேன்.

"அண்ணே, எறங்கிடுங்கண்ணே. லைனு சரியாத்தான் இருக்குது."

"அது எனக்கு ஏறினவுடனே தெரியும்" என்றார் உச்சியிலிருந்து. "எவனோ படிச்ச ஆளு வோல்டேஜு கம்மின்னானாம். அவன் இன்னாத்த கண்டான்னுதான் தேடிக்கினு இருக்கறேன்."

"அந்த ஆளு நான்தான்."

டீக்கடைக்காரர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "பாத்தா படிச்ச மாதிரி தெரியலியே" என்றார். என் காலைப் பார்த்துத்தான் சொன்னார். லைன்மேன் இறங்கி, ஏணியை மடக்கி, ஃபியூஸைப் போடப் போகும்போது, "இன்னொரு வாட்டி உங்க வூட்டு ஃபேனு நின்னாலும் எனக்குச் சொல்லி அனுப்பாதீங்க" என்று மட்டும் மரியாதையாகச் சொன்னார்.

ஒன்றே கால் ஆகும்போது திரை எரிந்தது. எதிர்பார்த்தது போலவே படப் பேக்கேஜ் பாதி உடம்போடு கிடந்தது. அதை எடுக்கவும் முடியவில்லை, முடிக்கவும் முடியவில்லை. அப்போதுதான், நான் பாடம் நடத்திய அந்த விஷயத்தை முதல் தடவையாகச் செய்து பார்த்தேன். பழைய குப்பையைத் தொடாமல் பக்கத்தில் புதிதாக ஒரு தனி அறையைத் திறந்து, போனிலிருந்த கோப்புகளை மட்டும் ஒவ்வொன்றாக உள்ளே வைத்தேன். முதல் பதிப்பு முறைத்தது. இரண்டாவது உள்ளே போனது, ஆனால் கேமரா பேக்கேஜ் பேசவில்லை. மூன்றாவதை வைத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் வண்டி வந்து நிற்கிற சத்தம். மணி ஒன்று ஐம்பது. கவர்மெண்டுத் தரத்துக்கு அது அநியாயம்.

அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போனாள். கூடவே வாய் நீண்ட அம்மாவும் போனார். அங்கிருந்து அவர் குரல்தான் கேட்டது. "முதல்ல கஞ்சி குடிங்க சாரு. சாமைய பாக்க வந்துட்டு சாமைக் கஞ்சி குடிக்கலன்னா எப்டி? ஊறுகா இன்னா வேணும், எலுமிச்சையா நாரத்தையா? ரெண்டும் பாருங்க." அதிகாரி இரண்டையும் பார்க்க வைக்கப்பட்டார். குடோன், மூட்டை, தையல் மிஷின், புதிதாகக் கட்டிய கழிப்பறை எல்லாவற்றையும் பார்க்க வைக்கப்பட்டார். அவர் உள்ளே வரும்போது சரிவில் சாமை வழிந்துகொண்டிருந்தது. புஸ். புஸ். கல் தட்டில் விழுந்தது.

அதிகாரி ஒரு கைப்பிடிப் பொடிக்கல்லைத் தானே சாமையில் கலந்து கொட்டினார். புஸ், புஸ், புஸ்ஸென்று எல்லாம் வெளியே வந்தன. தலையாட்டினார். பேனாவை எடுத்தார். நான் மூச்சை விட்டேன். அவசரப்பட்டுவிட்டேன்.

"நிறுத்திட்டு மறுபடி ஓட்டிக் காட்டுங்க" என்றார். நான் நாற்காலிக்கு நகர்ந்தேன். "நீங்க வேணாம் தம்பி. நீங்க இங்கயா இருக்கப் போறீங்க? அவங்க பண்ணட்டும்."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆறு மாதமாக அவள் செய்து வந்த மாதிரியே மவுஸைப் பிடித்து ஐகானுக்கு நகர்த்தினாள். அந்த ஐகான் இன்னும் பழைய குப்பையைத்தான் திறக்கும். புது அறைக்கு அதை மாற்றிவிட எனக்கு நேரம் இருந்திருக்கவில்லை. அவள் தட்டினால் அந்த இருபது வரியும் அதிகாரியின் கண்ணெதிரே கொட்டும். வோல்டேஜ் என்ற வார்த்தை தானாக நாக்கு நுனிக்கு வந்தது. கடித்துக்கொண்டேன்.

"அக்கா, அதுல வேணாம்."

அவள் கையை எடுத்துவிட்டு, என்னிடம் ஒன்றும் கேட்காமல் அதிகாரி பக்கம் திரும்பினாள்.

"சார், மிஷினு மேல தப்பில்லீங்க. எந்தம்பி இதுல வேற ஒரு வேலை பாத்து காலையில கெடுத்து வெச்சிட்டான். இப்பத்தான் சரி பண்ணினான். தொறக்குற வழி மாறிப்போச்சு. எனக்கு இன்னும் தெரியாது. அவன் எழுதிக் குடுப்பான், நான் அடிக்கிறேன். அதுக்கு டயம் குடுங்க. இல்லன்னா ஏத்திக்கினு போங்க."

அதிகாரி பேனாவை மூடவில்லை, எழுதவும் இல்லை. "அடிங்க" என்றார்.

ஒரு சாமைச் சாக்கின் சீட்டுக்குப் பின்னால் இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். கட்டளை வரியை அக்கா அதுவரை அடித்ததே இல்லை. ஒரு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடினாள். புள்ளி எங்கே என்றாள். சாய்கோடு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்றாள். நான் காட்டக் கை நீட்டினேன். "கைய எடு, வாயால சொல்லு" என்றாள். முதல் வரி போனது. இரண்டாம் வரியில் ஓர் எழுத்து தப்பி, திரை முறைத்தது. அவள் பதறவில்லை. பதறுவதற்குத்தான் நான் இருந்தேனே. அழித்து, தாளோடு ஒத்துப் பார்த்து, மறுபடி அடித்தாள். கேமரா விளக்கு எரிந்தது. சாமை நகர்ந்தது. புஸ்.

அதிகாரி கையெழுத்துப் போட்டார். வண்டி காலியாகவே இறங்கிப் போனது.

மூன்றாவது பதிப்பு ஏன் ஒத்துப்போனது, இரண்டாவது ஏன் போகவில்லை என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. அன்று மாலைப் பேருந்துக்கு முன்பு, ஓடுகிற அத்தனை பேக்கேஜின் பெயரையும் எண்ணையும் தாளில் எழுதி வைத்தேன். எழுதி முடித்து, ஐகானையும் புது அறைக்கு மாற்றிவிடலாம் என்று மவுஸைத் தொடப் போனேன்.

"வேணாம்" என்றாள் அக்கா. "ரெண்டு வரிதான? நான் அடிச்சிக்கிறேன்."

இப்போதும் தினமும் காலையில் அவள் அந்த இரண்டு வரியை அடித்துத்தான் இயந்திரத்தைத் திறக்கிறாள். நேரம் பத்து நொடிக்கு வந்துவிட்டதாம். போன வாரம் வளைவில் நின்று போன் செய்தவள், ஃபேன் மறுபடி கத்துகிறது என்றாள். தூசி அடைத்திருக்கும், பெட்டியை ஜீப்பில் அனுப்பு, பார்த்துத் தருகிறேன் என்றேன்.

"பெட்டி வராது" என்றாள். "நீ ஃபேன எடுத்துக்கினு மேல வா."